அம்மம்மாட சீ.ஆர் கொப்பி

மட்டக்களப்பில, கல்லடியில வந்து எங்கட அம்மம்மாட பேரச் சொல்லிக் கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது, "டியூட்டரம்மாட வீடு" எண்டாத்தான் ஓட்டோக்காரர் கேள்வி கேக்காம கொண்டுவந்து விடுவார். நேர்ஸிங் ஸ்கூல்ல டியூட்டரா எத்தினையோ வருசம் படிப்பிச்சவ, பென்சன் எடுத்தும் வீட்டில இரிக்க ஏலாம, கிழக்குப் பல்கலைக்கழகத்தில தாதியியல் பட்டப்படிப்பு துவங்கினாப் பிறகு விசிட்டிங் லெக்சரரா அங்கயும் போய்வந்தவ. நூல் சாரி, இடுப்பில சொருகின லேஞ்சி, மணிக்கூட்டுட முகம் உள்பக்கம் வாறமாதிரிக் கட்டின கை. அவ சிரிச்ச போட்டோ வீட்டில ரெண்டே ரெண்டுதான் இரிக்கி, அதில ஒண்டில பக்கத்தில நிக்கிற ஆடு என்னமோ செஞ்சிருக்கு.

நான் இத எழுதுறது அவ பெரிய ஆள் எண்டு சொல்றதுக்கில்ல, அத அவட பிள்ளையள், அதாவது அவவிட்ட படிச்சவங்க, கல்முனையில இருந்து டொரொண்டோ வரைக்கும் இரிக்காங்க, அவங்க சொல்லட்டும். கடைசி பதினாலு மாசம் அவ கட்டில்ல கிடந்தவ, பார்த்தது நாங்க, நேர்ஸிங் படிக்காத நாங்க. அதுல சிலது சரியாச் செஞ்சம், ஒரு பெரிய பிழையும் விட்டம். வீட்டில வயசான ஆக்களை வச்சிப் பாக்கிற ஆக்கள் இப்ப கனபேர் இரிக்கிறபடியா எழுதுறன்.

முதல் கொப்பியைப் பத்திச் சொல்லணும். அவட அலுமாரியில தட்டுத் தட்டா சீ.ஆர் கொப்பி, கெட்டி அட்டை போட்ட பெரிய கொப்பியள். படிப்பிச்ச நோட்ஸ் எண்டுதான் நாங்க நினைச்சிருந்தம். மறுகா பார்த்தா பாதி எங்கட குடும்பம். ஆரு எத்தினை மணிக்குப் பிறந்த, என்ன நிறை, ஆருக்கு எந்தத் தடுப்பூசி எப்ப போட்ட, சின்னம்மாக்கு சீதனத்துக்கு வீடு எழுதேக்க ஆரார் நிண்ட, மாமா ஆருக்கு எவ்வளவு குடுக்க இரிக்கி, எல்லாம் திகதி போட்டு நீலப் பேனையால. எங்கட பக்கம் குடி, அதாவது வம்சம், தாய்வழியாத்தான் வரும், வீடும் பொம்புளப் பிள்ளைக்குத்தான் போகும், அதால சண்டை எண்டு வந்தா எல்லாரும் அம்மம்மாட திண்ணைக்குத்தான் வரணும், அவ சத்தம் போடமாட்டா, உள்ளுக்குப் போய் கொப்பிய எடுத்துக்கொண்டு வருவா, அவ்வளவுதான், பாதிச் சனம் கொப்பிய விரிக்க முதலே சைக்கிள எடுத்திரும்.

ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் எண்டா எல்லாருக்கும் விளக்குத்தான் ஞாபகம். அம்மம்மாக்கு அந்த விளக்குக் கதை கண்ணில காட்டக் கூடாது. 1854ல கிரைமியா யுத்தத்துக்கு ஸ்குட்டாரி ஆஸ்பத்திரிக்குப் போன அந்த அம்மா, காயத்தால செத்த ஆமிக்காரரை விட நோயால செத்தவங்க எவ்வளவு கூட எண்டு கணக்கெடுத்து, அதைப் படமாக் கீறி அரசாங்கத்துக்குக் காட்டினவ, இங்கிலாந்தில புள்ளிவிபரச் சங்கத்துல சேத்துக்கொண்ட முதல் பொம்புளயும் அவதான். "விளக்குப் பிடிக்க ஆரும் பிடிப்பாங்க புள்ள, எண்ணினது ஆரு?" எண்டு கேப்பா. மே 12, நேர்ஸ்மார் தினத்துக்கு மெழுகுதிரி கொளுத்தேக்க கூட முன் வரிசையில இருந்து முகத்தச் சுழிச்சிக்கொண்டுதான் இரிப்பா.

அவட முதல் பாடம் ஊசி இல்ல. புதுசா வந்த பிள்ளையை வோட்டில ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில கதிரை போட்டு இருத்துவாவாம், பதினைஞ்சு நிமிசம், ஒண்டயும் தொடக் கூடாது, ஆளோடயும் கதைக்கக் கூடாது, கண்டதை எழுது. வெள்ளைத் தாளோட வாற பிள்ளைக்கு அண்டைக்கு மத்தியானச் சாப்பாடு பிந்தும். நாடி பிடிக்கேக்க முப்பது செக்கன் எண்ணி ரெண்டால பெருக்கினா கண்டுபிடிச்சிருவா, முழு நிமிசமும் எண்ணணும், ஏனெண்டா இடையில ஒண்டு தவறுற நாடி அந்த மிச்ச முப்பதுக்குள்ளதான் ஒளிச்சிருக்கும். மூச்சு எண்ணுறது இன்னும் கள்ள வேலை. எண்ணப்போறன் எண்டு ஆளுக்குச் சொல்லப்படாது, சொன்னா மூச்சு மாறிரும், நாடி பிடிக்கிற மாதிரி கைய விடாம வச்சிக்கொண்டு நெஞ்சைப் பாத்து எண்ணணும். இது எங்களுக்கு மறுகா எவ்வளவு உதவின எண்டு சொல்லி மாளாது.

ஊருக்குள்ளயும் அவ அப்பிடித்தான். எனக்குக் கொப்புளிப்பான் வந்த நேரம் அப்பாச்சி அரக்கப்பரக்க வேப்பிலை கொண்டுவந்து வாசல்ல கட்டினவ, நாங்க நினைச்சம் இப்ப அம்மம்மா பிடுங்கி எறியப்போறா எண்டு, அவ என்ன செஞ்ச எண்டா இன்னும் ரெண்டு கொப்பு முறிச்சுக் கேற்றிலயும் கட்டினவ. "கட்டட்டும், வேப்பிலையக் கண்டா சனம் உள்ளுக்கு வராது, இத விட நல்ல ஐசொலேஷன் எங்க இரிக்கி?" மறுகா என்ட நகத்த ஒட்ட வெட்டி, சொறிஞ்சா புண் பழுக்கும் எண்டு கைக்கு சொக்ஸ் போட்டுவிட்டவ. வைகாசியில கண்ணகி அம்மன் சடங்குக்குக் குளிர்த்தி பாக்கப் போறதும் அவதான் முன்னுக்கு. ரெண்டுக்கும் அவக்குச் சண்டை இல்ல.

78 சூறாவளிக்கு கூரை போன வோட்டில நோயாளரை கட்டிலுக்குக் கீழ படுக்க வச்ச கதை, கனதரம் கேட்டிருக்கன். 2004 மார்கழி 26 நான் கண்ணால கண்டது. ஞாயித்துக்கிழமை, போயா (பௌர்ணமி) நாள், கடல் வந்து போனாப் பிறகு எங்கட ஆக்கள் எல்லாம் பள்ளிக்கூடம் ஒண்டுக்குள்ள. அம்மம்மாக்கு அப்ப அறுபத்தாறு வயசு, செருப்புமில்ல. மருந்து கொண்டுவந்த ஆக்களிட்ட அவ முதல் கேட்டது வாளியும் மூடியும், மறுகா மம்பட்டி, கக்கூசுக்குக் குழி வெட்ட. அண்டைக்குப் பொழுதுபட முதல் ஒரு பிள்ளைட கணக்குக் கொப்பிட பின்பக்கத்தில லிஸ்ட் போட்டிட்டா, வயித்துப் பிள்ளைக்காரிமார் எத்தினை பேர், எத்தினையாம் மாசம், இன்சுலின் போடுற ஆக்கள், ஃபிட்ஸ் குளிசை குடிக்கிற ஆக்கள், தாய் இல்லாத கைக்குழந்தையள். எங்கட சொந்தத்திலயே ரெண்டு பேர் போயிட்டாங்க, அவ அழுதத நான் காணல்ல, ஒரு கிழமைக்குப் பிறகு கிணத்தடியில தனியா நிண்டவ.

சரி, வாறன் விசயத்துக்கு.

2022 தைப்பொங்கல் கழிஞ்சு ரெண்டாம் நாள், வெள்ளன. அம்மா தேத்தண்ணியோட வாறா, அம்மம்மா கதிரையில சாய்ஞ்சிரிக்கா, வாயிட வலப்பக்கம் தொங்கிப்போய், வலது கை மடியில கிடக்கு. "என்னகா, களைப்பா?" எண்டு கேட்டு அம்மா கோப்பைய வாயில வைக்கப்போனா அம்மம்மா பல்லை இறுக்கிக்கொண்டு தலையை மத்தப்பக்கம் திருப்பிட்டா. பிடிவாதம் எண்டு சின்னம்மா ஏசினவ. ஒரு வாய் வார்த்தை வராத நேரத்திலயும் அவக்குத் தெரிஞ்சிரிக்கி, பாரிசவாதம் வந்த ஆளுக்கு விழுங்கிற தசை வேலை செய்யுதா எண்டு பாக்காம ஒரு கரண்டித் தண்ணி குடுத்தாலும் அது நுரையீரலுக்குப் போயிரலாம் எண்டு. இளநி குடுக்கிறது, குளிசை குடுக்கிறது, விரல்ல ஊசியால குத்துறது ஒண்டும் செய்யாதீங்க. 1990க்கு அடிச்சா சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்ல.

ஆஸ்பத்திரியில டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எத்தினை மணிக்கு நல்லா இருந்தவ?" நாங்க நாலு பேரும் முழிச்சம். எப்ப கண்டம் எண்டுதான் எங்களுக்குத் தெரியும், அவங்களுக்கு வேணும் கடைசியா நல்லா இருந்த நேரம், ஏனெண்டா இரத்தக்கட்டிய கரைக்கிற மருந்த அந்த நேரத்தில இருந்து நாலரை மணித்தியாலத்துக்குள்ளதான் போடலாம். தம்பிட மகள், ஏழு வயசு, கோல்ல சொல்றாள், அம்மம்மா சாமிக்கு செவ்வரத்தம் பூ ஆய்ஞ்சவ, அப்ப கோவில் மணி அடிச்ச எண்டு. கோவில் மணி அஞ்சரைக்கு. அவ ஏற்கனவே இதயத்துக்கு இரத்தம் இளக்கிற குளிசை குடிக்கிறபடியா அந்த மருந்து அவக்குப் போட ஏலாம போயிட்டு, அது வேற விசயம். ஆனா குடும்பத்தில எண்ணினதும் கண்டதும் அந்தச் சின்னப்பிள்ளை ஒருத்திதான் எண்டு எனக்கு வெக்கமாப் போயிட்டு.

அவக்கு வலப்பக்கம் விழுந்திட்டு, பேச்சும் போயிட்டு. முழுசாப் போகல்ல, ரெண்டு சொல்லு மிஞ்சின, "ஓம்", மத்தது "டிக்கட்". வோட்டில கட்டில் தலைமாட்டில தொங்குற நோயாளிட பதிவுக்கு ஆஸ்பத்திரியில டிக்கட் எண்டுதான் சொல்ற, அந்தச் சொல்லு மட்டும் எப்பிடி மிஞ்சின எண்டு கடவுளுக்குத்தான் தெரியும். தண்ணி வேணும் எண்டாலும் டிக்கட், ஜன்னலைச் சாத்து எண்டாலும் டிக்கட். ஆனா தேவாரம் துவங்கிக் குடுத்தா பிழையில்லாம முடிப்பா. எண்ணுவா. வழக்கமா வாயில ஊறினது, பாட்டு, எண்ணிக்கை, இதுகள் சில நேரம் தப்பிரும் எண்டு பேச்சுப் பயிற்சிக்கு வந்த மிஸ் சொன்னவ. பக்கத்தில ஆரு இருந்தாலும் இடது கையால மணிக்கட்டைப் பிடிச்சிக்கொண்டு ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு எண்ணிக்கொண்டே இரிப்பா. தண்ணி கேக்க ஏலாது, எங்கட நாடியை எண்ணுறா.

வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் கிழமை பைத்தியம்தான். ஆரு குளிசை குடுத்த, குடுக்கல்ல, ஒரே குளிசைய அம்மாவும் சின்னம்மாவும் ரெண்டு தரம் குடுத்த நாளும் இரிக்கி. மறுகாதான் தம்பி கடைக்குப் போய் ஒரு சீ.ஆர் கொப்பி வாங்கிக் கொண்டுவந்தான். ராவைக்கே அடுத்த நாளுக்கு அடிமட்டத்தால கோடு அடிச்சி வச்சிருவான், இடப்பக்கம் நேரம், மறுகா எந்தப் பக்கம் புரட்டின, என்ன குடுத்த, எவ்வளவு, மூத்திரம், மலம், குளிசை, கடைசியில செஞ்ச ஆள்ட கையெழுத்து. இந்தக் கையெழுத்துத்தான் முக்கியம். அது வந்தாப் பிறகு சண்டை பாதியாக் குறைஞ்ச. கிளினிக்குக்கு அந்தக் கொப்பியோடதான் போற, டொக்டர் எங்களிட்ட கேள்வி கேக்கிறத விட்டிட்டு கொப்பியத் திருப்பித் திருப்பிப் பாப்பார். கட்டில் தலைமாட்டில கொப்பிய நூலில கட்டித் தொங்கவிட்ட அண்டைக்கு அம்மம்மா அதக் கண்டிட்டு "டிக்கட்" எண்டவ. அண்டைக்கு மட்டும் அந்தச் சொல்லு சரி.

மூக்கால குழாய் போட்டுத்தான் சாப்பாடு. குடுக்கேக்க தலைப்பக்கம் நல்லா உயர்த்தியிருக்கணும், குடுத்து முடிஞ்சும் முக்கால் மணித்தியாலமாவது அப்பிடியே வச்சிருக்கணும், உடன படுக்கவச்சா மேல ஏறி நெஞ்சுக்குப் போயிரும். குழாயில மூக்கடியில எந்த இலக்கம் நிக்கிது எண்டு எழுதி வைங்க, அடுத்த முறை இலக்கம் மாறியிருந்தா ஒண்டும் ஊத்தாம ஆஸ்பத்திரிக்குக் கதைங்க. குளிசைய அம்மியில அரைச்சிக் கரைக்கலாம் எண்டு நாங்களே முடிவெடுத்திருந்தம், நல்ல காலம் ஃபாமசியில இருந்த பிள்ளை தடுத்திச்சி, மெல்ல மெல்லக் கரையிற மாதிரிச் செஞ்ச குளிசையள உடைச்சா முழு மருந்தும் ஒரேயடியா உடம்புக்குப் போயிருமாம்.

இன்னொண்டு, தூக்கேக்க விழுந்த பக்கத்துக் கையப் பிடிச்சி இழுக்காதீங்க. அந்தத் தோளைப் பிடிச்சி வச்சிருக்க தசையில பலமில்ல, மூட்டு கழண்டு இறங்கிரும், மறுகா தொட்டாலே நோகும். கைக்குக் கீழ தலவாணி ஒண்டு எப்பவும் இரிக்கட்டும். குளிப்பாட்டேக்க முதல் போர்வையப் போர்த்து, மறுகா உள்ளுக்கால உடுப்பக் கழட்டு, இது அவ படிப்பிச்ச முறை, அவவிட்டப் படிச்சு ரிட்டயரான ஒரு அக்கா வந்து காட்டித் தந்தவ. எத்தினை பேர்ட உடம்ப அப்பிடி மூடிப் பாதுகாத்த மனிசி, அவக்குக் கூச்சம் கடைசி வரைக்கும் போகல்ல.

இப்ப பிழை. படுக்கைப்புண் வரும் எண்டு எங்களுக்குத் தெரியும், அந்தப் பயத்திலயே கனடா மாமா காசு அனுப்பி காத்து மெத்தை, கரண்டில ஊதி இறங்குற சாமான், வாங்கின. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா புரட்டுறம், முதுகடி, இடுப்பெலும்பு எல்லாம் டோர்ச் அடிச்சிப் பாக்கிறம், ஒரு சிவப்பில்ல, எங்களுக்கு ஒரே பெருமை. அந்த நேரந்தான் நாட்டில கரண்ட் வெட்டு. பங்குனி கடைசியில ஒரு நாளைக்கு பதின்மூண்டு மணித்தியாலம் வரைக்கும் வெட்டினாங்களே, அந்தக் கிழமை. கரண்ட் போனா மெத்தை கொஞ்சம் கொஞ்சமா இறங்கி அடிப்பலகையோட போயிரும், ராவில நித்திரைத் தூக்கத்தில எங்களுக்கு அது விளங்கல்ல, மெத்தை இரிக்கிதானே எண்டு ரெண்டு மணித்தியாலம் மூண்டாகிற்று. கொப்பியில பார்த்தா அந்த நாளுகள்ல கையெழுத்தும் நெருக்கமில்ல. குதிக்காலுக்கு, கையுறையில தண்ணி நிறைச்சிக் கட்டி வச்சிருந்தம், ஆரோ ஆஸ்பத்திரியில கண்டத வந்து சொன்னது, நாங்களும் ஒசிலா ரெண்டு பக்கமும் வச்சிட்டம்.

சித்திரை வருசத்துக்கு முன்னால காத்தான்குடியில இருந்து அவட பழைய மாணவி ஒரு தாத்தா வந்தவ, எங்கட பக்கம் முஸ்லிம் ஆக்கள் அக்காவத் தாத்தா எண்டுதான் சொல்ற. வந்து கதிரையில இருந்தா. கதைக்கல்ல. தேத்தண்ணியயும் தொடல்ல. பத்துப் பதினைஞ்சு நிமிசம் பாத்துக்கொண்டே இருந்தவ, மறுகா எழும்பி முதுகுப் பக்கம் போகாம நேரா கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையத் தூக்கி, கையுறையக் கழட்டி, வலது குதியில விரலால அமத்தி எடுத்தவ. நல்ல தோல் எண்டா அமத்தின இடம் வெளிறி மறுகா சிவக்கும். இது வெளிறவேயில்ல, கத்தரிக்காய் நிறத்தில அப்பிடியே நிண்ட. உள்ளுக்குத் தசை ஏற்கனவே செத்திட்டு எண்டு அர்த்தமாம். கையுறைத் தண்ணி பாரத்தப் பரப்பாது, அந்தச் சின்ன எலும்பில அதே பாரம்தான் நிக்கும், வளையம் மாதிரி தலவாணியும் அப்பிடித்தான், சுத்திவர இரத்த ஓட்டத்தத் தடுத்திரும். கெண்டைக்காலுக்குக் கீழ நீட்டுக்குத் தலவாணி வச்சி குதிய அந்தரத்தில விடணும், ஒரு தாளை நுழைச்சா தட்டாம போகணும், அவ்வளவுதான் விசயம், காசே இல்ல. அம்மா தேங்காண்ணெய் போட்டுத் தேச்சுவிடவா எண்டு கேட்டவ, சிவந்த இடத்த எண்டைக்கும் தேய்க்கப்படாது எண்டு தாத்தா கையப் பிடிச்சிட்டா.

அந்தப் புண் ஆற நாலு மாசம் எடுத்த. அம்மம்மா தாத்தாட மணிக்கட்டைப் பிடிச்சி எண்ணினவ, எழுவத்தெட்டு வரைக்கும் போன, தாத்தா அழுதுகொண்டே தன்ட மணிக்கூட்டப் பாத்து "சரி மெடம்" எண்டவ.

ஆள் பிரிச்சுப் பாக்கிறதப் பத்தியும் சொல்லணும். தாய்வழிச் சொத்து எண்டு பெருமையாச் சொல்றம், சுமையும் தாய்வழியாத்தான் வருது, வீடு என்ட அம்மாக்கு எழுதினபடியா எல்லாம் அம்மாட தலையில எண்டுதான் சொந்தமெல்லாம் நினைச்ச. மாமா காசு அனுப்பினார், அதுக்கு ஒரு குறையும் சொல்லமாட்டன், ஆனா ராவு ரெண்டு மணிக்கு புரட்டுறதுக்கு காசு வராது. தம்பிதான் அந்த ரெண்டு மணியையும் நாலு மணியையும் எடுத்தவன். ஆம்புளப் பிள்ளை பம்பஸ் மாத்துறான் எண்டு ஒண்டு ரெண்டு பேர் சிரிச்சவங்க. அம்மம்மா படிப்பிச்ச காலத்தில அவட வகுப்புக்கு ஆம்புளப் பிள்ளையளும் வந்தவங்க, அவ சிரிக்கல்ல. அம்மாவ கிழமையில ஒரு நாள் கட்டாயமா வீட்டை விட்டு வெளிய அனுப்பினம், கோவிலுக்கோ சந்தைக்கோ, எங்கயாவது. அனுப்பாத மாசத்தில அம்மாட பிரசர் ஏறின, அதுவும் கொப்பியில இரிக்கி.

2023 பங்குனியில நெஞ்சுச் சளி வந்த. ரெண்டு நாளா மூச்சு நிமிசத்துக்கு இருவத்தெட்டு, முப்பத்திரெண்டு எண்டு கூடிக்கொண்டு போன, மணிக்கட்டைப் பிடிச்சிக்கொண்டு நெஞ்சைப் பாத்து நான்தான் எண்ணினன். இன்னொருக்கா ஆஸ்பத்திரி வேணாம் எண்டு டொக்டரோடயும் கதைச்சித்தான் முடிவெடுத்தம். வெள்ளன நாலரைக்குப் போயிட்டா.

பெட்டியில வைக்க முதல் அவட மாணவிமார் ரெண்டு பேர், அவங்களுக்கே எழுவது வயசிருக்கும், ஒராளுக்குப் பொல்லு, வெள்ளைச் சீலைய விரிச்சி ஆளுக்கொரு பக்கம் நிண்டு, வோட்டில கட்டில் விரிக்கிற மாதிரி மூலைய நாப்பத்தஞ்சு பாகைக்கு மடிச்சிச் சொருகினாங்க. சுருக்கம் ஒண்டுமில்ல. ஒரு சொல்லும் கதைக்கல்ல.

கொப்பியில அண்டைக்குரிய பக்கத்தில நாலு மணிக்கு "இடப்பக்கம்" எண்டு தம்பிட கையெழுத்து இரிக்கி. ஆறு, எட்டு, பத்து எண்டு ராவைக்கே எழுதி வச்ச நேரமெல்லாம் கோட்டோட அப்பிடியே கிடக்கு. மெத்தை இப்ப தாழங்குடாவில ஒரு வீட்டில. குடுத்துவிடேக்க தம்பி புதுக் கொப்பி ஒண்டு வாங்கி முதல் பத்துப் பக்கத்துக்கும் கோடு அடிச்சிக் குடுத்தவன், கரண்ட் போனா என்ன செய்யணும் எண்டு அட்டையில சிவப்புப் பேனையால எழுதி. போன கிழமை அந்த வீட்டுப் பிள்ளை கோல் எடுத்திச்சி, முதுகில ஒண்டுமில்ல அக்கா, நல்லா இரிக்கி எண்டு. குதியப் பாத்தியா எண்டு கேட்டன். கொஞ்ச நேரம் சத்தமில்ல, மறுகா, "இரிங்க, டோர்ச் எடுத்திட்டு வாறன்" எண்டது.